சாம்பார் மேல்முறையீடு

சூசைராஜ் பத்தொன்பது வருடம் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்தவர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு சாட்சியின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. இதைக் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம், அவருக்கு அது பெருமை. சாட்சி அழுவதையும், சாமி மேல் சத்தியம் செய்வதையும், முன்னுக்குப் பின் உளறுவதையும் உட்கார்ந்து பார்ப்பது கீழ்க்கோர்ட்டின் தலைவிதி. மேலே வருவது கட்டுக் காகிதம் மட்டும்தான். காகிதம் அழாது, வெற்றிலை எச்சிலும் துப்பாது. "மேல்முறையீட்டில் முகம் கிடையாது, பதிவேடுதான்" என்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட. பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையாட்டுவார்.

தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தா. அப்பா மிஷன் பள்ளியில் குமாஸ்தா. எழுதி எழுதியே தேய்ந்த அந்தக் குடும்பத்தில், பிறர் எழுதியதைப் படித்துப் பார்த்துத் தப்பு சொல்லும் உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் இவர்தான். கோர்ட்டுப் பலகையில் ஊ மியோ தாண் என்று பர்மியப் பெயர், வீட்டில் சூசைராஜ். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் ரங்கூனின் போட்டாதாங்கில் அவர் இருந்த தெருவில் சைக்கா என்ற மூன்று சக்கர ரிக்‌ஷா மிதிப்பவர்கள் அவரை "தயாதூஜி" என்றுதான் கூப்பிட்டார்கள். பர்மிய மொழியில் நீதிபதிக்கு அதுதான் பெயர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் பக்கத்துத் தெருவுக்கும் சைக்காவில் போவார்.

வீட்டில்தான் அந்த மரியாதை செல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகள் அஞ்சலி போனில் அம்மாவைப் பற்றி ஏதாவது புகார் சொன்னால், "அம்மா என்ன முடிவு சொன்னாள்? எழுத்தில் இருக்கா?" என்று கேட்பார். மகள் போனை வைத்துவிடுவாள். மனைவி செலின், முப்பத்தெட்டு வருடமாக அவரைச் சகித்து வருகிறவள், "எழுத்துல குடுத்தாதான் இந்த வீட்ல ரசம் உண்டுன்னா நான் பட்டினி கிடக்கேன்" என்பாள்.

இப்படிப் பதிவேடு இல்லாமல் வாடிப்போயிருந்த மனிதரைத் தேடி ஒரு வழக்கு தானாக வந்தது.

ஆற்றுப் பாலம் தாண்டி தன்லியின் என்ற ஊரில் ரயில்வே லைன் மாரியம்மன் கோயில். அங்கே வருடா வருடம் பத்து நாள் திருவிழா, கடைசி நாள் தீமிதி. பத்து நாளும் அன்னதானம். இருபத்திரண்டு வருடமாக அந்த அடுப்படி பவுனம்மாளின் கையில் இருந்தது. மற்ற நாட்களில் அவள் தன்லியின் கடைத்தெருவில் மொஹிங்கா விற்பவள். மொஹிங்கா என்றால் மீன் குழம்பு ஊற்றிய சேமியா, பர்மாவில் காலைச் சாப்பாடே அதுதான். ஆனால் காப்புக் கட்டிய நிமிஷத்திலிருந்து தீமிதி முடியும் வரை கடையைப் பூட்டிவிடுவாள். மீன் சட்டி இருக்கிற அறைக்குள்கூடப் போக மாட்டாள்.

இந்த வருடம் மூன்றாம் நாள் கமிட்டித் தலைவர் பழனியப்பன் கோயிலுக்கு வர முடியவில்லை. சர்க்கரையால் காலில் புண், கட்டுப் போட்டுக்கொண்டு போட்டாதாங்கில் வீட்டோடு இருந்தார். காரியதரிசி சுரேந்திரன் கோயில் சாப்பாட்டை அடுக்கு கேரியரில் கொண்டுவந்து கொடுத்தார். தலைவரும் அவரைப் பார்க்க வந்திருந்த இரண்டு கமிட்டி உறுப்பினர்களும் சாம்பாரை வாயில் வைத்தார்கள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாம்பாரில் ஙாப்பி வாடை! மீனை உப்பில் ஊறப்போட்டு இடித்த அந்த விழுதின் வாடையைப் பர்மாவில் பிறந்த யாரும் வேறெதுவாகவும் நினைக்க முடியாது. விரத நாளில், அம்மன் சாப்பாட்டில்!

அன்று மாலையே அவசரக் கூட்டம். மொஹிங்காக்காரி, கை பழக்கத்தில் போட்டுவிட்டாள் என்று தீர்மானம். பவுனம்மாள் இனி அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது, இந்த வருடம் மட்டுமல்ல, எந்த வருடமும். லைங் தாயாவில் ஒரு துணி ஆலை கேன்டீனில் சமைப்பவரை அவள் இடத்தில் வைத்தார்கள். அவர் சாம்பாரில் தக்காளி ஸாஸ் ஊற்றினார் என்பது வேறு விஷயம்.

பவுனம்மாள் அழுது ஓய்ந்து வீட்டில் கிடப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கோயிலின் பழைய விதிப்புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் பிடித்தாள். அதில் இதுவரை யாரும் தொடாத ஒரு விதி இருந்தது. கமிட்டி முடிவில் குறை இருந்தால் கோயிலைச் சேராத பெரியவர் ஒருவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

"நம்ம ஜட்ஜ் சார் இருக்காரே! வேதக்காரர், யார் பக்கமும் சாய மாட்டாரு" என்றார் பழனியப்பன் உற்சாகமாக. காரியதரிசி சுரேந்திரனின் முகம் வெளுத்துப்போனதை அந்த உற்சாகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

சூசைராஜ் இரண்டு முறை மறுத்தார். மறுப்பதற்குள்ளேயே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட்டுவிட்டார். சுரேந்திரன் அவர் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். பதினான்கு பக்கத் தீர்மான நகலை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து, நிமிர்ந்து பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓடினார். கோர்ட்டு மரியாதை தெரிந்த பிள்ளை என்று சூசைராஜ் நினைத்துக்கொண்டார்.

பவுனம்மாள் நேரிலேயே வந்தாள். அறுபது வயது, ஒல்லியான உடம்பு, புறங்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். கையில் ஒரு தூக்கு.

"ஐயா, அன்னிக்கி செஞ்ச அதே சாம்பார வீட்ல செஞ்சு கொண்டாந்திருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு சொல்லுங்க."

சூசைராஜ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "கூடாது, கூடாது. மேல்முறையீட்டில் புதுச் சாட்சியம் எடுக்க முடியாதும்மா. நான் நக்கிப் பார்த்தேன் என்றால் வழக்கே கெட்டுப்போகும். உன் ஆட்சேபணை என்னவோ அதை எழுதிக் கொடு."

அவள் பேனாவைப் பிடித்து ஒரே ஒரு வரி எழுதினாள். சாம்பார் என்னுது, கேரியர் யாருது என்று ஒருத்தரும் கேக்கவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ஐயா. இருவத்திரண்டு வருசம் அந்த அடுப்பு முன்னால நின்னேன். எங்க வீட்ல நான் மருமகளா நின்னதவிட அங்க நின்னதுதான் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை தீமிதி. அன்னிக்கி அடுப்ப வேற ஆளு பத்த வெச்சா..." தூக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். சூசைராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றை வரியின் அடியில் தேதி போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செலினுக்குக் கேரியர் என்ற சொல் காதில் விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, அந்தக் கேரியரு என்னிக்கி..."

சூசைராஜ் கையை உயர்த்தினார். "செலின்! வழக்கு என் முன்னால் இருக்கிறது. வெளியார் பேச்சு என் காதில் விழக் கூடாது."

"நான் வெளியாரா?"

"வழக்கு முடியும் வரைக்கும்."

மறுநாள் சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தாள். "இங்க பாருங்க, போன ஞாயித்துக்கிழம கரண்டு போச்சுல்ல, அப்ப..." சூசைராஜ் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். சோற்றுக் கை என்பதைக்கூட மறந்துவிட்டார். மூன்றாம் நாள் அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். அவர் அதைப் பிரிக்காமல் இரண்டு விரலால் எடுத்து, பதிவேட்டில் சேராத ஆவணம் என்று சொல்லி பால்கனிக்குக் கொண்டுபோனார். ரங்கூனில் எல்லா மாடியிலும் தொங்குவதுபோல் அவர்கள் பால்கனியிலும் ஒரு கயிறு கீழே தெருவரை தொங்கியது. பத்திரிகையும் காய்கறியும் அதில்தான் ஏறும். அதன் நுனிக் கிளிப்பில் காகிதத்தை மாட்டி இறக்கிவிட்டார்.

செலின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கயிற்றையே பார்த்தாள். கோபத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். அன்று வந்தது.

"ரதே," என்றாள். சரி, போகட்டும் என்று பர்மியத்தில் அர்த்தம். "எல்லாம் உங்க பதிவேட்டுலயே வரட்டும். சனிக்கிழமை நானும் கோயிலுக்கு வாரேன். வெளியார் வந்து உக்காரலாம்ல?"

"பகிரங்க விசாரணை. யாரும் வரலாம்," என்றார் சூசைராஜ் பெருந்தன்மையாக.

வெள்ளிக்கிழமை மத்தியானமே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதுவது அவர் வழக்கம். விசாரணை நாளில் மனம் குழம்ப வாய்ப்பு வைக்கக் கூடாது என்பார். சாட்சிகள் மூவர், மூவரும் முகம் சுளித்திருக்கிறார்கள், சுளித்தது எழுத்தில் இருக்கிறது. கோயிலில் சாப்பிட்ட முந்நூறு பேரில் யாரும் புகார் செய்யவில்லையே என்று அவருக்கும் தோன்றியது. ஆனால் அந்த முந்நூறு பேர் பதிவேட்டில் இல்லை. கமிட்டியின் முடிவில் தலையிட முகாந்திரம் இல்லை, மேல்முறையீடு தள்ளுபடி. வெகு நாளைக்குப் பிறகு அந்த வரியை எழுதியதில் கைக்கு ஒரு சுகம் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கோயில் சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரு மேசை, அதன் மேல் சிவப்புத் துணி. சூசைராஜ் கோர்ட்டில் அணிந்த பட்டுத் தலைப்பாகையையே வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் செலின், மடியில் கைப்பையோடு, சினிமாவுக்கு வந்தவள் மாதிரி வசதியாக உட்கார்ந்திருந்தாள். பழனியப்பன் கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் லைங் தாயா சமையற்காரர் எதையோ தீய்த்துக்கொண்டிருந்த வாடை வந்தது.

சூசைராஜ் தொண்டையைச் செருமினார். "மேல்முறையீட்டாளர் ஏதாவது சொல்ல வேண்டுமா? பதிவேட்டில் உள்ளதை மட்டும்."

பவுனம்மாள் எழுந்தாள். "பதிவேட்ல கேரியர் இருக்கா ஐயா?"

அவர் புரட்டினார். "ஏழாம் பக்கம். சான்றுப் பொருள் ஒன்று, நான்கடுக்குக் கேரியர் ஒன்று."

"யாருதுன்னு போட்டிருக்கா?"

"போடவில்லை."

"ஏனத்துல பேரு வெட்டாத வீடு நம்ம ஜனத்துல உண்டா ஐயா? ஒரு டம்ளர் வாங்குனாலும் பேரு வெட்டித்தான வைப்போம். அதக் கவுத்து ஒரு தடவ அடியப் பாருங்க. அது போதும் எனக்கு."

சுரேந்திரன் சடாரென்று எழுந்தார். "அது தேவையில்லைங்க ஐயா. புதுச் சாட்சியம் எடுக்கக் கூடாதுன்னு நீங்களே..."

சூசைராஜுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சட்டத்தை அவருக்கே சொல்லிக்கொடுப்பதா? "புதுச் சாட்சியம் இல்லை தம்பி. சான்றுப் பொருளும் பதிவேட்டில் ஒரு பகுதி. கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். கொண்டு வாருங்கள்." சொல்லும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு சான்றுப் பொருளைக்கூட அவர் கொண்டுவரச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கேட்கலாம் என்று பாவம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கோயில் பீரோவிலிருந்து கேரியர் வந்தது. மஞ்சள் கயிற்றால் கட்டி, முடிச்சில் மெழுகு வைத்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்து அடுக்குகளைப் பிரித்ததும், கழுவாமல் ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வாடை கொட்டகையெங்கும் பரவியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். செலின் வைக்கவில்லை.

சூசைராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தட்டைக் கவிழ்த்தார். எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக எழுத்து. சான்றுப் பொருளில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் முறை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"சூ... சை... ராஜ்... செ... லின்... பன்னிரண்டு, ஐந்து, எண்பத்தேழு."

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. அவர் கல்யாணத் தேதி அது. மாமியார் வீட்டில் சீர் கொடுத்த கேரியர்.

சுரேந்திரன் பேனாவை நோட்டில் வைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "எழுதிக்கலாமா ஐயா?"

சூசைராஜ் பெண்கள் பக்கம் பார்த்தார். செலின் கைப்பையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இப்பப் பேசலாமா?" என்றாள்.

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அன்னிக்கி இந்தத் தம்பி கீழருந்து, அக்கா, கேரியரு இருந்தா குடுங்க, கோயிலுக்குப் போறேன்னு சத்தம் போட்டுச்சு. காலையில அஞ்சலிக்கி அனுப்புறதுக்கு ஙாப்பி வறுத்து அதுல அடித்தட்டுலதான் வெச்சிருந்தேன். பாட்டில்ல மாத்திட்டுக் கழுவலாம்னு போனா கரண்டு இல்ல. கரண்டு இல்லேன்னா மோட்டார் ஓடாது, மூணாவது மாடிக்கித் தண்ணி ஏறாது. தம்பி அவசரம் அவசரம்னுது. பேப்பரால நல்லாத் தொடச்சு, கயித்துல கட்டி எறக்கிவிட்டுட்டேன். கோயில்ல கழுவிக்கிரும்னு நெனச்சேன். சாம்பார அந்த அடித்தட்டுலயா ஊத்தணும்? ஒரு வாரமா இவருகிட்டச் சொல்ல வாரேன். நான் வெளியாராம்."

பெண்கள் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது, அப்புறம் அடக்க முடியவில்லை. பழனியப்பன் சிரிக்கப் போய்க் காலை அசைத்து, "ஐயோ!" என்று அலறினார். சுரேந்திரன் அழுகிற நிலையில் இருந்தார். "ஜட்ஜையா வீட்டு ஏனம்னு எப்படிய்யா எழுதுவேன்? அதான் கேரியர் ஒன்றுன்னு..."

சூசைராஜுக்குச் சிரிப்பும் கேட்கவில்லை, அழுகையும் கேட்கவில்லை. மேசை மேல் அவர் தீர்ப்பு மடித்து வைத்திருந்தது. தலையிட முகாந்திரம் இல்லை. அந்த வரியைப் பார்த்தபோது திடீரென்று ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். மடியில் ஒரு துணி மூட்டை வைத்திருப்பாள். அவிழ்த்துக் காட்டத்தான் வந்தாளோ என்னவோ. நான்கு வரியில் தள்ளுபடி செய்தார். மூட்டை நினைவிருந்தது, முகம் நினைவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவர் தீர்ப்பை நாலாகக் கிழித்தார். தலைப்பாகையைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இந்த வழக்கை நான் தீர்க்க முடியாது. குற்றம் என் வீட்டுக் கேரியருடையது. நானே எதிர்த்தரப்பு," என்றார்.

"அப்ப யாருதான் தீர்ப்பு சொல்றது?" என்றார் பழனியப்பன். "நாளைக்குத் தீமிதி!"

பின்னால் தீய்ந்த வாடை இன்னும் கொஞ்சம் கூடியது. பவுனம்மாள் அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

"தீர்ப்பெல்லாம் அப்புறம் சொல்லுங்க தலைவரே. பருப்பு அடிப்பிடிக்குது," என்று சொல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். அவளை நிறுத்த ஒரு கை எழவில்லை. பழனியப்பன் ஒற்றைக் காலில் எழுந்து நின்று, "அம்மா, எங்க மேலதான் தப்பு," என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார். அவள் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினாள். ஒரு நிமிஷத்தில் லைங் தாயாக்காரர் வெளியே வந்து, நிம்மதியாக ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். சுரேந்திரன் ஏழாம் பக்கத்தில் விட்டுப்போன இரண்டு பெயர்களையும் எழுதினார்.

"கேரியர என்னக்கா பண்றது?" என்று கேட்டார்.

"பவுனம்மாக்கே குடுத்துரு. மொஹிங்காக் கடைக்கி ஆகும்," என்றாள் செலின்.

மத்தியானம் பந்தி விரித்தார்கள். சூசைராஜ் கடைசி வரிசையில், தூணோரமாக உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர் யாரென்று அவர் பார்க்கவில்லை, மேல்முறையீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பவுனம்மாளே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் இலை முன்னால் நின்று, சோற்றில் குழி பண்ணச் சொல்லி, இரண்டு கரண்டி ஊற்றினாள். நகராமல் நின்றாள்.

சூசைராஜ் பிசைந்து ஒரு வாய் வைத்தார். புளியும் பருப்பும் பரங்கிக்காயின் இனிப்பும் நாக்கில் இறங்கின. அதில் வேறு ஒரு வாடையும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. அன்று அவள் மாடி ஏறி வந்து நீட்டிய தூக்கில் இருந்ததும் இதேதான். ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் போதும். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். வாயில் சோறு இருந்தது, கண்ணாடிக்குள் எல்லாம் மங்கலானது.

முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

பவுனம்மாளும் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதியெல்லாம் குடுக்க வேணாம் ஐயா, தெரிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டு, வாளியோடு அடுத்த இலைக்குப் போனாள்.